ஆலயப் பாதுகாப்பும் அரசு உதவியும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் மாலை, நவநாள் செபத்திற்குப் பின் பங்குத்தந்தை ஆற்றிய உரை. விழா மலருக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



நம் பங்கு தோன்றி 25 ஆண்டுகள் நிறைவடைந்ததற்காக இந்நாட்களில் ஆண்டவருக்கு நன்றி கூறிக்கொண்டிருக்கிறோம். நேற்று இவ்விடத்தில் பேசிய பெரியவர்கள் நம் பங்கின் வரலாற்றை அழகாக எடுத்துரைத்தார்கள். மேல்நல்லாத்தூர்த் தொழிற்சாலைக்கும் காக்களூர்த் தொழிற்பேட்டைக்கும் வேலைக்கு வந்த குடும்பங்கள், மணவாள நகரில் வாடகை வீட்டுத் திண்ணையில் கூடிச் செபமாலை சொன்ன காலத்தை நினைவூட்டினார்கள். அடுத்த மூன்றாம் ஆண்டில் இக்கோவில் எழுந்தது. அன்று நம்மிடம் களவு போக ஒன்றும் இருக்கவில்லை. ஆகவே காவலும் தேவைப்படவில்லை. இன்று நிலைமை வேறு.

வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்குப் பேரவை கூடுகிறது. கோவிலைச் சுற்றி மதில் எழுப்பவும், பழுதுகளைச் சரிபார்க்கவும் அரசின் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாமா, வேண்டாமா என்பதே அன்றைய கேள்வி. இது பற்றி நம்மிடையே இரண்டு கருத்துக்கள் உண்டு. வீதியில் ஒன்று, சங்கத்தில் ஒன்று என்று பேசுவதைவிட, எல்லாரும் கூடியிருக்கும் இவ்வேளையில் என் உள்ளத்தில் உள்ளதைச் சொல்லிவிடுவது நல்லது என்று எண்ணுகிறேன். மூன்று செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். கேட்பது முறையா? கேட்டால் கிடைப்பது என்ன? கிடைத்த பின் நாம் காக்க வேண்டியது எதை?

சென்ற ஆண்டு தவக்காலத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்த இரவு, உண்டியலின் பூட்டை இரம்பத்தால் அறுத்து உள்ளிருந்ததை எடுத்துச் சென்றுவிட்டார்கள். நற்கருணைப் பேழையைத் தொடவில்லை. அதற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். காலையில் கோவில் மணி அடிக்க வந்த உபதேசியார், "சாமி, பின்பக்கம் திறந்த வெளிதானே, யார் வந்தார் யார் போனார் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார். மதிலைப் பற்றிய பேச்சு அன்று தொடங்கியது. அந்த இரவைப் பற்றி நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதை முடிவில் சொல்கிறேன்.

முதற் கேள்விக்கு வருவோம். கேட்பது முறையா?

"கடவுளின் வீட்டைக் கடவுள் காப்பார், அரசனிடம் போய் நிற்பானேன்?" என்கிறார்கள் சிலர். "இன்று பணம் வாங்கினால் நாளை நம் கணக்கில் கைவைப்பார்கள்" என்கிறார்கள் வேறு சிலர். இந்த இரண்டு அச்சங்களும் புதியவையல்ல. பழைய ஏற்பாட்டில் எஸ்ரா, நெகேமியா என்னும் இரு பெரியவர்களின் நூல்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. இருவரும் பாரசீக அரசின் ஆட்சியில் வாழ்ந்தவர்கள். இருவரும் எருசலேமுக்குத் திரும்பி வந்தவர்கள். எஸ்ரா புறப்படும்போது, வழியில் பகைவரிடமிருந்து காக்கப் படைவீரரைத் தாரும் என்று அரசனிடம் கேட்க வெட்கப்பட்டார். கடவுள் எங்களைக் காப்பார் என்று அரசனிடம் சொல்லிவிட்டோமே என்பது அவர் வெட்கம். ஆகவே ஆற்றங்கரையில் நோன்பிருந்து மன்றாடி, காவலின்றியே புறப்பட்டார்.

நெகேமியாவோ அரசனிடமே கேட்டார். இடிந்து கிடந்த மதிலையும் எரிந்துபோன வாயில்களையும் கட்டி எழுப்ப, அரச வனத்தின் காவலனாகிய ஆசாபு மரம் கொடுக்க வேண்டுமென்று அர்த்தக்சஸ்தா அரசனிடம் கடிதம் வாங்கினார். அரசன் அனுப்பிய குதிரை வீரரையும் உடன் அழைத்து வந்தார். மதிலை 52 நாட்களில் கட்டி முடித்தார். இவர்களில் விசுவாசம் குறைந்தவர் யார்? திருச்சபை இருவர் நூலையும் ஒருங்கே போற்றுகிறது. கேட்காமலிருப்பதும் விசுவாசமாகலாம், கேட்பதும் விசுவாசமாகலாம். எஸ்ராவும்கூட அரசன் கொடுத்த வெள்ளியையும் பொன்னையும் மறுக்கவில்லை. அதை அவர் எப்படிக் கையாண்டார் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

இனி நம் நாட்டுச் சட்டம். ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்கென்றே வரி விதித்து, அதைக் கட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது அரசியலமைப்பின் 27-ஆம் பிரிவு. அப்படியானால் அரசு ஓர் ஆலயத்துக்கு உதவுவதே குற்றமா? ஹஜ் பயண மானியம் பற்றிய வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடையளித்தது. மக்கள் செலுத்தும் வரியின் பெரும்பகுதியை ஒரே மதத்திற்குச் செலவிட்டால்தான் அப்பிரிவு மீறப்படும். சிறு பகுதி செலவாவதால் மீறப்படுவதில்லை என்றது. அந்த ஹஜ் மானியம் 2018-இல் நிறுத்தப்பட்டுவிட்டது, தீர்ப்பு நிற்கிறது. நம் மாநிலத்தில் தேவாலயங்களுக்கு மட்டுமா உதவி? கிராமப்புறக் கோயில்கள் 1,250-க்கும், ஆதிதிராவிடர் பழங்குடியினர் வாழும் பகுதிகளிலுள்ள கோயில்கள் 1,250-க்கும் திருப்பணிக்கென்று தலா 2 இலட்சம் ரூபாய் வழங்கும் திட்டம் அறநிலையத்துறையில் நடந்து வந்திருக்கிறது. பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் வக்பு வாரியம் வழியாக உதவி உண்டு. சோப்பு வாங்கும் ஏழைத் தாயும் வரி கட்டுகிறாள். அவள் மண்டியிடும் இடத்திற்கு அதிலிருந்து சிறு பங்கு வருமானால், அது பிச்சை ஆகாது.

ஆனால் கேட்பது வேறு, உரிமையாகப் பெறுவது வேறு என்பதையும் அறிந்திருக்க வேண்டும். குஜராத்தில் 2002-ஆம் ஆண்டுக் கலவரத்தில் சேதமடைந்த வழிபாட்டுத் தலங்களைச் சீரமைக்க அரசு பணம் தர வேண்டும் என்று அம்மாநில உயர் நீதிமன்றம் கூறியது. 2017-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதிகபட்சம் 50,000 ரூபாய் கருணைத் தொகை என்ற அரசின் திட்டத்தையே ஏற்றது. இடிந்த பின் தேடிப் போவதைவிட, இடியுமுன் காப்பதே அறிவுடைமை என்பதை இது நமக்குக் கற்பிக்கிறது.

இது நம் ஊர்க் கவலை மட்டுமன்று. 2016 ஜூலை 26 அன்று பிரான்சு நாட்டில் ஒரு சிற்றூர்க் கோவிலில், 85 வயது முதிர்ந்த குருவானவர் ஜாக் ஹாமேல், காலைப் பூசை வேளையில் பீடத்தருகே கொல்லப்பட்டார். அதே 2016-இல் இங்கிலாந்து அரசு, வழிபாட்டுத் தலங்களுக்கு வேலி, விளக்கு, கண்காணிப்புக் கேமரா அமைக்க நிதியுதவித் திட்டமொன்றைத் தொடங்கியது. அமெரிக்காவில் இத்தகைய திட்டம் 2005-இல் இரண்டரைக் கோடி டாலருடன் தொடங்கி, 2023-இல் 30 கோடி டாலரைத் தாண்டியது. யூதர்களின் தொழுகைக்கூடமும், கிறிஸ்தவக் கோவிலும், பள்ளிவாசலும், நம்மவர் அங்கே எழுப்பிய இந்துக் கோயிலும் அதற்கு விண்ணப்பிக்கலாம். அங்கே ஒரு நல்ல விதி உண்டு. பணம் கேட்குமுன், தங்கள் கட்டடத்தின் பலவீனம் எங்கே என்று சுற்றிப் பார்த்து எழுதித் தரவேண்டும். எந்த வாசல் பூட்டாமல் கிடக்கிறது, எந்த மூலை இருட்டாயிருக்கிறது, யார் கையில் சாவி இருக்கிறது என்றெல்லாம் எழுத வேண்டும். இதற்கு டாலர் தேவையில்லை. நம் இளைஞர் சங்கத்தார் ஓர் இரவு கையில் விளக்குடன் கோவிலைச் சுற்றி வந்தாலே போதும். பின்பக்க விளக்கு எத்தனை மாதமாக எரியவில்லை என்பது அப்போது தெரியும்.

இரண்டாவது கேள்வி: கேட்டால் கிடைப்பது என்ன?

தமிழக அரசு 2016-17 முதல் கிறிஸ்தவ தேவாலயங்களைப் பழுதுபார்க்கவும் புனரமைக்கவும் நிதியுதவி அளித்து வருகிறது. தொடக்கத்தில், 10 முதல் 15 ஆண்டு வரையான கட்டடத்திற்கு 1 இலட்சம், 15 முதல் 20 ஆண்டு வரையானதற்கு 2 இலட்சம், 20 ஆண்டுக்கு மேற்பட்டதற்கு 3 இலட்சம் ரூபாய் என்று வகுத்திருந்தார்கள். பின்னர் இத்தொகைகள் உயர்த்தப்பட்டன. பழுதுபார்ப்பதோடு சுற்றுச்சுவர், குடிநீர், கழிவறை ஆகிய பணிகளும் சேர்க்கப்பட்டன. நம் கோவிலுக்கு இப்போது 22 வயது. ஆகவே மூத்த வகையிலேயே நாம் நிற்கிறோம்.

நிபந்தனைகளும் உண்டு. கோவில் சொந்தக் கட்டடத்தில் 10 ஆண்டுக்கு மேல் நடந்திருக்க வேண்டும். பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். சீரமைப்புக்கென்று வெளிநாட்டிலிருந்து பணம் பெற்றிருக்கலாகாது. ஒருமுறை உதவி பெற்றால் 5 ஆண்டு கழித்தே மறுபடி கேட்கலாம். விண்ணப்பத்தோடு கட்டட வரைபடமும் செலவு மதிப்பீடும் வைக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு, பணியிடத்தை ஆய்வு செய்து பரிந்துரைக்கும். பணம் இரு தவணையாகக் கோவிலின் வங்கிக் கணக்கிற்கே வரும். எவர் கையிலும் வராது. ஆட்சியர் அலுவலகம் நமக்குத் தொலைவில் இல்லை, திருவள்ளூரில்தான் இருக்கிறது. சிறுபான்மையினர் நலப் பிரிவில் இன்றைய தொகையையும் படிவத்தையும் கேட்டு வரலாம். இடையில் தரகர் எவரும் வேண்டாம். "நான் முடித்துத் தருகிறேன், இவ்வளவு கொடுங்கள்" என்று எவரேனும் வந்தால், அவருக்கு ஒரு குவளை மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இத்திட்டம் காவலாளிக்குச் சம்பளம் தராது. விளக்கை எரிய வைக்காது. இரவில் விழித்திருக்காது. மதில் கட்ட வரும் பணத்தால் மதிலைத்தான் கட்டலாம். மற்றவை நம் பொறுப்பு.

கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. காவல் கேட்க வெட்கப்பட்ட எஸ்ரா, அரசனின் வெள்ளியையும் பொன்னையும் என்ன செய்தார்? பயணம் புறப்படுமுன் பன்னிரண்டு குருக்களைத் தெரிந்தெடுத்து, எல்லாவற்றையும் நிறுத்து அவர்களிடம் ஒப்படைத்தார். எருசலேம் சேர்ந்ததும் மறுபடி நிறுத்து, எடையை எழுதி வைத்தார்கள். குருக்களையே நிறுத்துக் கேட்டார் என்பதைக் கவனியுங்கள். இங்கே பங்குத்தந்தை என்று யாரும் தயங்க வேண்டாம். ஒவ்வொரு மூட்டை சிமெண்டுக்கும் சீட்டு இருக்க வேண்டும். வரவும் செலவும் மாதந்தோறும் கோவில் வாசல் பலகையில் ஒட்டப்பட வேண்டும். அரசு நம் கணக்கில் கைவைக்குமோ என்று அஞ்சுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுவே: எல்லாரும் பார்க்கும்படி வைத்த கணக்கை எவர் வந்து பார்த்தாலும் நமக்கென்ன அச்சம்?

மூன்றாவது, மதில் எழுந்த பின் நாம் காக்க வேண்டியது எதை?

இலங்கையில் 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா நாள். கொழும்பு கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் கோவிலிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், பெரிய விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 260-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். எச்சரிக்கை முன்னரே வந்திருந்தது. வந்த செய்தியின்மேல் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டுமென்று தீர்ப்பளித்தது. அரசிடம் படை இருந்தது, போலீஸ் இருந்தது. அறிந்தவர்கள் அறிய வேண்டியவர்களுக்கு உரிய வேளையில் சொல்லவில்லை. மட்டக்களப்பிலோ, வாசலில் நின்ற சபையார் ஒருவர் அறிமுகமற்ற அம்மனிதனிடம் பேச்சுக் கொடுத்து, உள்ளே விடாமல் வெளியே நிறுத்தினார். வெளியிலேயே குண்டு வெடித்தது. அவரும் மாண்டார், இன்னும் பலரும் மாண்டார்கள். ஆனால் உள்ளே கூடியிருந்த பெருங்கூட்டம் தப்பியது. வாசலில் ஒரு மனிதர் நின்று, வந்தவரின் முகத்தைப் பார்த்துப் பேசினார். அதற்கு ஈடான மதில் இல்லை.

முகத்தைப் பார்த்துப் பேசுவது என்றேன். இப்போது நான் சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டும்.

அந்நாட்களில் நம் கோவிலின் பின் தாழ்வாரத்தில் ஓர் ஒடிசா மாநிலத்து இளைஞர் படுத்துறங்குவது வழக்கம். ஒப்பந்தத் தொழிலாளி. ஓர் அறையில் பத்துப் பேர் முறைபோட்டுப் படுப்பவர்கள். இரவு வேலை இல்லாத நாளில் அவருக்கு இடமில்லை. உபதேசியார் அனுமதித்திருந்தார், நானும் பார்த்தும் பாராமல் இருந்தேன். உண்டியல் உடைந்த மறுநாள், என் மனம் நேரே அவரிடம் போயிற்று. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை, போலீசாரும் கேட்கவில்லை. நானாகவே உபதேசியாரை அழைத்து, "அந்தத் தம்பியை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்" என்றேன். அவர் முகத்தைப் பார்த்து நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவர் தம் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான்கு மாதம் கழித்து, வேறோர் ஊரில் கடையை உடைத்துப் பிடிபட்டவர்கள் நம் உண்டியலையும் ஒப்புக்கொண்டார்கள். இருவரும் தமிழ்நாட்டவரே. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. விசாரித்தபோது அந்த இளைஞரைக் கும்மிடிப்பூண்டிக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். தேடிப் போனேன். தகரக் கொட்டகை ஒன்றின் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். உடனிருந்தவர் ஒருவர் மொழிபெயர்த்தார். அவர் கந்தமாலைச் சேர்ந்தவர். 2008-இல் அங்கே நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அப்போது அவருக்கு எட்டு வயது. ஊர்க் கோவில் எரிந்த இரவில், குடும்பத்தோடு காட்டில் ஒளிந்திருந்தார்களாம். "கோவிலருகே படுத்தால் எனக்கு நல்ல உறக்கம் வரும், அதனால்தான் அங்கே வந்தேன்" என்றார். என்மேல் கோபமில்லை என்றார். திரும்பி வாருங்கள் என்று அழைத்தேன். தலையை அசைத்தார், வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அன்பார்ந்தவர்களே, எரிந்த கோவிலிலிருந்து தப்பி வந்த ஒரு பிள்ளையை, கோவிலைக் காக்கிறேன் என்று சொல்லி வெளியேற்றியவன் நான். பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு குருவானவனே இப்படித் தவற முடியுமானால், மதில் எழுந்த பின் நாம் எல்லாரும் எவ்வளவு எளிதாகத் தவறலாம்! மதிலுக்கு அப்பாலிருப்பவனைப் பார்க்காமலேயே சந்தேகிக்கப் பழகிவிடுவோம். செவ்வாய்தோறும் அந்தோனியார் நவநாளுக்கு நம் இந்துச் சகோதரிகள் எத்தனை பேர் வருகிறார்கள்! கெபியின்முன் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வேலைக்கு ஓடும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்! பூட்டிய கதவைக் கண்டு அவர்கள் ஒருமுறை திரும்பினால், மறுமுறை வரமாட்டார்கள்.

ஆகவே என் கருத்து இதுதான். விண்ணப்பிப்போம். கேட்பதில் வெட்கமில்லை. பேராயர் இல்லத்தின் அனுமதியோடு, வெள்ளி விழா ஆண்டு முடியுமுன் மதிலைக் கட்டுவோம். அதனோடு நாமும் நான்கு காரியங்களைச் செய்வோம். முதலாவது, வீதியை நோக்கிய வாசல், காலைப் பூசைமுதல் இரவு செபமாலை முடியும்வரை திறந்தே இருக்கட்டும். இரண்டாவது, எரியாத விளக்குகளை இவ்வாரமே மாற்றுவோம். கேமரா வைப்பதற்கு வின்சென்ட் தே பவுல் சபையின் ஏழைகள் நிதியைத் தொடாமல் தனியே வசூலிப்போம். மூன்றாவது, ஒவ்வோர் அன்பியமும் முறைவைத்து, பெரிய பூசை வேளைகளில் இருவரை வாசலில் நிறுத்தட்டும். எருசலேமின் மதிலை ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக்கு எதிரேயுள்ள பகுதியைக் கட்டியே முடித்தார்கள். காவலும் அவ்வாறே காத்தார்கள். வாசலில் நிற்பவர் வருவோரை வணங்கி வரவேற்கட்டும்; புதியவரிடம் பெயரையும் ஊரையும் கேட்டு அன்போடு இரு வார்த்தை பேசட்டும். நல்லெண்ணத்தோடு வந்தவர் மகிழ்வார், தீய எண்ணத்தோடு வந்தவர் தயங்குவார்.

நான்காவது, பின் தாழ்வாரம். மதில் கட்டும்போது அதை அடைத்துவிடலாம் என்று மதிப்பீட்டில் எழுதியிருக்கிறார்கள். அதை மட்டும் அடிக்க வேண்டுமென்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அங்கே ஒரு விளக்கும், ஒரு குடிநீர்க் குழாயும், நான்கு பாயும் இருக்கட்டும். இரவு தங்குகிறவர்கள் பெயரையும் ஊரையும் உபதேசியார் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். மதிலுக்குள் அவர்களும் நம் காவலில் இருக்கட்டும். கோவிலுக்கு இரவில் அவர்களும் காவலாக இருப்பார்கள்.

ஞாயிறன்று தவறாமல் வாருங்கள். மாறுபட்ட கருத்துள்ளவர்களும் வந்து எழுந்து பேசுங்கள். பெரும்பான்மை எது தீர்மானிக்கிறதோ அதற்கு நானும் கட்டுப்படுகிறேன். தீர்மானம் நிறைவேறினால் முதற் கல்லை வைக்க ஒருவரை அழைக்க விரும்புகிறேன். கும்மிடிப்பூண்டிக்கு மறுபடி ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். அவர் வருவதற்காக நீங்களும் மன்றாடுங்கள்.

ஆண்டவர் நம் பங்கையும், நம் இல்லங்களையும், நம் ஊரின் எல்லா வழிபாட்டுத் தலங்களையும் காத்தருள்வாராக. ஆமென்.